தொழில் கேள்வி–பதில்: பக்கத்துப் பட்டறையும் நம் பட்டறையும்

சிறு, நடுத்தரத் தொழில்கள் ஒன்றுசேர்ந்து புதியவற்றை உருவாக்குவது பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். கோவையிலிருந்து ஆத்தூர் வரை பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, கணபதியில் இருபது பேர் வேலை செய்யும் வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன். எங்கள் தெருவிலேயே இதே வேலையைச் செய்யும் பட்டறைகள் ஆறு இருக்கின்றன. ஒரே பம்பு கம்பெனியின் ஆர்டருக்கு நாங்கள் அனைவருமே விலைப்புள்ளி கொடுக்கிறோம். ஒருவரோடு ஒருவர் போட்டியிடுபவர்கள் சேர்ந்து புதிதாக எதைச் செய்ய முடியும்? தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா?
– ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே எதில் சேரலாம், எதில் சேரக்கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் யார், அவருக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள், ஒரு குறிப்பிட்ட வார்ப்புக்கு இரும்பு ஓடும் வழியை எப்படி அமைக்கிறீர்கள் என்பவை உங்களுக்கே உரியவை. உருகிய இரும்பில் கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று சரியாக அளந்து அறியும் வசதி அப்படிப்பட்டதல்ல. அது ஆறு பேருக்கும் வேண்டும். அது கிடைப்பதால் எவருடைய வாடிக்கையாளரும் அடுத்தவரிடம் போய்விடப் போவதில்லை.

உங்கள் பட்டறை மேஸ்திரி ஆப்பு வடிவத்தில் ஒரு சிறு துண்டை வார்த்து, ஆறியதும் சம்மட்டியால் உடைத்து, மெல்லிய முனையிலிருந்து வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்து இரும்பின் தன்மையைச் சொல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண் பல ஆண்டு அனுபவத்தில் வந்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் கார் உதிரிபாகம் வாங்கும் கம்பெனி அந்தக் கண்ணை ஏற்றுக்கொள்ளாது. சோதனைத் தாளைக் கேட்கும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் நாணயம் போன்ற ஒரு துண்டைத் தேய்த்துச் சமமாக்கி வைத்தால், பொறி தெறித்த ஒரு நிமிடத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட தனிமங்களின் சதவீதம் வந்துவிடுகிறது. அந்தக் கருவியின் விலை ஒரு சிறு பட்டறைக்குக் கட்டுபடியாகாது. ஆறு பட்டறைகள் பங்கிட்டால் கட்டுபடியாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலையில் உருகி நிற்கும் இரும்பு காத்திருக்காது. சோதனை முடிவு அரை மணி நேரம் கழித்து வந்தால் சூடு இறங்கும், மின்சாரம் வீணாகும், கலவையும் மாறிப்போகும். ஆகவே அந்தக் கருவி பட்டறையிலிருந்து சில நிமிட நடைதூரத்தில் இருந்தாக வேண்டும்; சென்னையில் எவ்வளவு சிறந்த ஆய்வகம் இருந்தாலும் உலைக்கு முன்னால் நிற்பவருக்கு அது உதவாது. தொழில் கூட்டமைப்பு வட்டாரம் சார்ந்து அமைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நம் பகுதிக்கு இது புதிய பாடமும் அல்ல. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் பம்பு செய்துகொண்டே தொழில் கற்றார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் கிணற்றுக்கு மோட்டாரும் மில்லுக்கு உதிரிபாகமும் வேண்டியிருந்தன, 1937இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் மின்மோட்டார் இங்கேயே உருவாயிற்று. பெரிய பட்டறையில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த பட்டறை போட்டார்கள். நூல் சந்தையில் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத மில் அதிபர்கள்தாம் 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவை ஏற்படுத்தினார்கள். பஞ்சின் தரத்தையும் நூலின் வலிமையையும் அளக்கும் பொது இடம் ஒன்று இருந்தால் தங்கள் அனைவருக்குமே நன்மை என்று அவர்கள் கண்டிருந்தார்கள். பம்பு தொழிலுக்குச் சிட்டார்க் சோதனை மையம் அமைந்த கதையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

பங்காளிகள் நான்கு பேருக்குப் பொதுவான பங்குக் கிணறு நம் ஊர்களில் உண்டு. ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத காலத்திலும் முறைத் தண்ணீர் தவறுவதில்லை. மோட்டார் காயில் எரிந்தால் செலவு பங்கு பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எவர் என்ன பயிர் வைக்கிறார், எங்கே விற்கிறார் என்று கிணறு கேட்பதில்லை. உங்கள் ஆறு பட்டறைகளுக்கும் அந்த அளவு உறவு போதுமானது.

ஆறு பேரையும் ஒரே நாளில் சேர்க்க முயல வேண்டாம். இரண்டு மூன்று பேர் போதும். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் அந்த மாதத்தில் அதிகம் கழிந்துபோன வார்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைக்கட்டும். அது எந்தக் கம்பெனியுடையது என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. ப்ளோ ஹோல் (காற்று அடைபட்டு விழும் ஓட்டை) விழுந்த வார்ப்பைப் பார்த்து, மண்ணில் ஈரம் மிகுதியா, காற்று வெளியேற வழி இல்லையா என்று மேஸ்திரிகள் பேசத் தொடங்கிவிட்டால், முதலாளிகள் பேசுவதற்குத் தயங்கியவை தாமாகவே பேசப்பட்டுவிடும்.

கேள்வி: வணக்கம் ஐயா. திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை வைத்திருக்கிறோம். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கிறோம். அது சட்டத்துக்குப் பயந்து சேர்ந்த கூட்டு. அதைப் புதுமைக்கான கூட்டு என்று சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பயந்து சேர்ந்தது உண்மை. சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் அணைக்குக் கீழே இருந்த உழவர்களின் நிலமும் கெட்ட பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த மாதங்களில் திருப்பூர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னர் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறையை நிறைவேற்றிக் காட்டிய நிலையங்களில் உறுப்பினராக இருந்த பட்டறைகள்தாம் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

அதில் புதுமை எங்கே இருந்தது என்று பாருங்கள். பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறைய வேண்டும். கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, சவ்வூடு வடிகட்டி, நல்ல நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உப்பு முழுவதும் தேங்கிய அடர்நீர் மிச்சமாகிறது. அதை ஆவியாக்கி உப்பாக எடுப்பதற்கு எரிபொருள் செலவு மிகுதி. அந்த அடர்நீரிலிருந்து நிறத்தை நீக்கிவிட்டு, உப்புக் கரைசலாகவே சாயமேற்றுவதற்குத் திருப்பித் தரலாம் என்ற வழி நடைமுறைக்கு வந்தபோது, ஆவியாக்க வேண்டிய அளவும் வாங்க வேண்டிய உப்பின் அளவும் குறைந்தன. இதைத் தனிப் பட்டறை ஒன்று செய்துபார்த்திருக்க முடியாது. கரைசலைத் தயாரிக்கும் நிலையமும் அதைத் தன் சாயத் தொட்டியில் ஊற்றிப் பார்க்கத் துணியும் உறுப்பினர்களும் சேர்ந்து நின்றாக வேண்டும். நிறம் மாறி ஒரு லாட் துணி கெட்டால் நட்டத்தை எவர் ஏற்பது என்று முன்கூட்டியே பேசி முடித்திருக்கவும் வேண்டும்.

ஆகவே இதைப் புதுமைக் கூட்டு என்றே சொல்வேன். பயம் உங்களை உள்ளே கொண்டுவந்தது. உள்ளே வந்த பிறகு நீங்கள் கற்றுக்கொண்டது பயத்தால் வந்ததல்ல. உங்கள் நிலையத்தில் இன்று எந்த உறுப்பினர் எவ்வளவு அனுப்புகிறார் என்ற மீட்டர் கணக்கு அனைவரும் பார்க்கும்படி இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒருவர் அனுமதித்த அளவை மீறி அடர்த்தியான கழிவை அனுப்பினால் அனைவருடைய சவ்வுகளும் அடைத்துக்கொள்ளும், அனைவருக்கும் செலவு ஏறும். கணக்கு மறைந்திருக்கும் இடத்தில் சந்தேகம் வளர்ந்துவிடும். சந்தேகத்தோடு இருப்பவர்கள் அடுத்த சோதனைக்குத் தங்கள் தொட்டியைக் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஐயா, நான் பொறியியல் படித்து, பெருந்துறையில் சிறு இயந்திரத் தொழிற்கூடம் தொடங்கியிருக்கிறேன். வேறொரு தொழிற்கூடமும் ஒரு கல்லூரியும் நாங்களுமாகச் சேர்ந்து புதிய கருவி ஒன்றை உருவாக்கி வருகிறோம். அது வெற்றி பெற்றால் யாருக்குச் சொந்தம்?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் இப்போதே கேட்டது மிகவும் நல்லது. பெரும்பாலானவர்கள் ஆர்டர் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது நட்பும் போய்விடுகிறது.

காப்புரிமைச் சட்டம் 1970இன் 50ஆம் பிரிவு இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. கூட்டாகப் பெற்ற காப்புரிமையில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத சமபங்கு உண்டு. ஒருவர் தம் சொந்தத் தொழிலில் அதைப் பயன்படுத்தி ஈட்டும் லாபத்துக்கு மற்றவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் நபருக்கு உரிமம் வழங்கவோ, தம் பங்கை மாற்றிக் கொடுக்கவோ மற்றவர்களின் சம்மதம் வேண்டும். இதன் விளைவைச் சற்று யோசியுங்கள். நீங்கள் ஒரு சிறு தொழிற்கூடம். உங்கள் கூட்டாளி பெரிய தொழிற்கூடம் என்றால், அவர் நாளைக்கே ஆயிரம் கருவிகள் செய்து விற்கலாம், உங்களுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. கல்லூரிக்கோ உற்பத்திக் கூடமே இல்லை. உரிமம் கொடுத்தால்தான் அதற்கு வருமானம், அதற்கும் மற்றவர்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் சமம் என்று சொல்வது நடைமுறையில் சமமாக இருப்பதில்லை.

ஆகவே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கூட்டு தொடங்கும் முன்பே யாரிடம் என்ன இருந்தது என்பதை அதில் தனியாகக் குறித்துவிடுங்கள். பிற்பாடு வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அதைக் குறிக்காமல் விட்டதால் வருபவை. யார் எந்தத் துறைக்கு அல்லது எந்தச் சந்தைக்கு விற்பது, உரிமக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பவை இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கருவியைக் கோவையின் கொடிசியா தொழிற்கண்காட்சியில் வைத்துவிடாதீர்கள். பொதுவெளியில் காட்டியது புதுமை என்ற தகுதியை இழக்கக்கூடும். ஆசை யாருக்கும் இருக்கும், ஆனால் விண்ணப்ப எண் கையில் வரும் வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்துகிறோம். ஆலைகள் எல்லாம் பேசி ஒரே விலை வைத்தால் அதுவும் கூட்டுறவுதானே?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: இல்லை. போட்டியாளர்கள் பேசி விற்பனை விலையை நிர்ணயிப்பது போட்டிச் சட்டம் 2002இன்படி போட்டியைக் கெடுக்கும், அபராதத்துக்குரிய உடன்பாடாகக் கருதப்படும். உங்கள் தொழிலிலேயே நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. சேமித்து வைக்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் இல்லாமல் வியாபாரி சொன்ன விலைக்கு ஆலைக்காரர்கள் விற்றுக்கொண்டிருந்த நிலையில், 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு ஏற்பட்டது. கிடங்கில் சரக்கை வைத்து, தரத்தைச் சோதித்து, வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் கேட்கும் முறையில் விற்பனை நடக்கிறது. அங்கே விலையைச் சந்தையே முடிவு செய்கிறது. நம்மவர்கள் சேர்ந்து ஏற்படுத்தியது கிடங்கையும் சோதனைக்கூடத்தையும்தான்.

கேள்வி: கரூரில் எங்கள் தொழிலுக்குச் சங்கம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு, தீபாவளிக்கு ஒரு விழா, வரி உயர்ந்தால் ஒரு மனு. இதை எப்படிப் புதுமைக்கான அமைப்பாக மாற்றுவது? வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: மனுக் கொடுப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், சங்கத்தின் மேல் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை பிறப்பதே பல வேளைகளில் அங்கேதான். ஆனால் தலைவரும் செயலாளரும் தங்கள் தொழிலை விட்டுவிட்டுச் சங்கத்துக்காக நாள் முழுவதும் உழைக்க முடியாது. இதையே தம் வேலையாகக் கொண்ட, சம்பளம் பெறும் ஒருவர் தேவை. அவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும். எந்த உறுப்பினருக்கும் உறவினராக இல்லாதவராகவும் இருப்பது நல்லது.

இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா வட்டாரத்தில் கார்ப்பி என்றொரு பின்னலாடை ஊர் இருக்கிறது. அதுவும் திருப்பூரைப் போலச் சிறு பட்டறைகள் நிறைந்த ஊர்தான். அங்கே 1980இல் தொடங்கிய பொது மையம் ஒன்று, அடுத்த பருவத்தில் என்ன நிறம், என்ன நூல், எந்தச் சந்தையில் என்ன மாற்றம் என்று தகவல் திரட்டி உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. சிறு பட்டறைகளுக்குக் கட்டுபடியாகும் கணினி வடிவமைப்பு முறையையும் உருவாக்க முனைந்தது. ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே ஆள் அனுப்பித் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரே இடம் தெரிந்து சொன்னது. ஜெர்மனியில் 1954இலிருந்து நடக்கும் ஏற்பாடு வேறு விதமானது. ஒரு தொழிலைச் சேர்ந்த நிறுவனங்கள் தங்கள் பொதுச் சிக்கலை ஆராய்ச்சிச் சங்கத்திடம் வைக்கின்றன. அரசு நிதி உதவுகிறது. ஆய்வு நடக்கும்போது அந்த நிறுவனங்களின் ஆட்களே குழுவாக அமர்ந்து அதைக் கவனிக்கிறார்கள். முடிவு அனைவருக்கும் பொதுவாகிறது. அதைத் தன் பொருளில் எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் போட்டி தொடங்குகிறது.

உங்கள் ஊரில் வீட்டு உபயோகத் துணி, கொசுவலை நூல், பஸ் பாடி என்று மூன்று தொழில்கள் ஒரே நகரத்தில் இருக்கின்றன. பஸ் பாடி கட்டுபவருக்கு இருக்கைத் துணி வேண்டும். எளிதில் தீப்பற்றாத துணி வேண்டும். துணி நெய்பவர் அதை எப்போதாவது அவரிடம் கேட்டிருக்கிறாரா? சங்கங்கள் தனித்தனிக் கட்டடத்தில் இருந்தாலும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது இரண்டு சங்கத்தாரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஐயா, பொள்ளாச்சி அருகே தென்னைநார்த் தொழில் செய்கிறேன். குழுமத் திட்டத்தில் அரசு மானியத்தோடு பொது வசதி மையம் அமைக்கலாம் என்று சொல்கிறார்கள். சேரலாமா? பணம் போட்டு ஏமாந்துவிடுவோமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: சகோதரி, சேரலாம், ஆனால் மையத்தின் கட்டடப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பு அதன் மாதக் கணக்கைப் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அத்தகைய மையம் ஒன்றில் இயக்குநர்களில் ஒருவனாக இருந்தேன். மானியம் கிடைக்கிறது என்பதற்காக, எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தேவையே இல்லாத பெரிய இயந்திரத்தை வாங்கினோம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டோம். ஆறாவது மாதத்தில் இயக்குபவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பத்தாவது மாதத்தில் மின் கட்டணம் நிலுவை. ஒரு மழைக்காலத்தில் போய்க் கதவைத் திறந்தபோது, இயந்திரத்தின் மேல் போர்த்தியிருந்த பாலித்தீன் உறைக்குள் நீர்த்துளிகள் கோத்து நின்றன. படுகையில் செந்துரு படர்ந்திருந்தது. அதற்குக் காரணம் எங்கள் அவசரமே. வேறு எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது, ஏனென்றால் அதில் சிறு பட்டறைக்காரர்களின் சேமிப்பும் இருந்தது.

மானியம் இயந்திரத்துக்குத்தான் பெரிதும் வரும். மாதச் சம்பளம், மின்சாரம், பழுதுபார்ப்பு ஆகியவற்றை உறுப்பினர்கள்தாம் சுமக்க வேண்டும். ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மாதம் இத்தனை மணி நேரம் பயன்படுத்தி இவ்வளவு கட்டணம் செலுத்துவேன் என்று முன்கூட்டியே எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்த இயந்திரம் அவர்களுக்குத் தேவையில்லை என்று பொருள். அதைவிடச் சிறியதாகத் தொடங்குங்கள்: தென்னைநார்க் கட்டியின் உப்புத்தன்மையை அளக்கும் கருவியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும். வெளிநாட்டில் செடி வளர்க்க வாங்குபவர்கள் முதலில் கேட்பது அந்த உப்புத்தன்மையைத்தான். கழுவிய நார்த்தூளில் அது குறைந்திருக்கிறது என்று நம் ஊரிலேயே சான்று தர முடிந்தால், ஏற்றுமதி செய்பவர்கள் கூட்டுக்குத் தாமாக வந்து சேர்வார்கள்.

கேள்வி: சிங்காநல்லூரில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். இந்தக் கூட்டமைப்புகளில் எல்லாம் பெரிய முதலாளிகள்தான் இருக்கிறார்கள். எனக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு வாசகர், சிங்காநல்லூர்

பதில்: உங்களுக்குத்தான் அங்கே முக்கியமான வேலை இருக்கிறது. கம்பெனி தரும் உதிரிபாக வரைபடம் தவறாக வரையப்பட்டிருந்தால் அதை முதலில் அறிவது உங்கள் கைதான். சாஃப்ட்டில் (சுழல் தண்டில்) இரண்டு விட்டங்கள் சந்திக்கும் மூலையைக் கூர்மையாக எடுக்கச் சொல்லி வரும் படத்தைப் பார்த்ததும், இங்கே ஒரு சிறு வளைவு கொடுத்தால் டூல் உடையாது, ஓடும்போது சாஃப்ட்டும் அந்த இடத்தில் வெடிக்காது என்று உங்களுக்குத் தோன்றும். கம்பெனியிடம் அதைச் சொல்வீர்களா? சொன்னால் இவருக்கு வேலை தெரியவில்லை என்று அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவீர்கள். நம் பகுதியில் இப்படிச் சொல்லப்படாமலேயே போகும் யோசனைகளை நினைத்தால் எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

சொல்லத் துணிவு வர வேண்டுமானால் பணம் நேரத்துக்கு வர வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் 2006இன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். வேலை கொடுப்பவரின் மேல் தனியாளாகப் புகார் கொடுக்க உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும், அதற்காகத்தான் சங்கம். நம் உறுப்பினர்கள் ஜாப் ஒர்க் பணத்தை 45 நாளில் கொடுப்பார்கள் என்று சங்கமே தீர்மானம் போட வேண்டும் என்று கேளுங்கள்.

படத்தில் நீங்கள் கண்ட குறைகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வைக்கும்படியும் சொல்லுங்கள். பகல் பதினொரு மணிக்கு வைத்தால் லேத்தை நிறுத்திவிட்டு உங்களால் வர முடியாது.